தேயும் கடன், தேயாத கடன்: சங்கிலியை விற்பதா, மாற்றி வைப்பதா?

போன வருடம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகளின் பழைய கணக்கு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எங்கள் கடன்களை எழுதினேன். அதுவரை எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. தலைக்குள் இருந்தவரை அது ‘ஒரு ஒன்றரை லட்சம் இருக்கும்’. எழுதிக் கூட்டினால் 1,72,000.

அடகுக்கடையில் 60,000, இரண்டு வட்டி. 2022ல் மாமனார் காரியத்துக்காக என் மூன்று பவுன் சங்கிலியை வைத்து வாங்கியது. தெரிந்தவர் ஒருவரிடம் 30,000, மூன்று வட்டி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணை பெருகி கடலூர்ப் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்ததே, அப்போது வாங்கியது. தையல் மெஷின் மோட்டார், ஃபிரிட்ஜ், மெத்தை மூன்றும் ஒரே இரவில் போயின. அப்புறம் குழு லோன்: 50,000 எடுத்ததில் 11 தவணை பாக்கி, மாதம் 2,650, அன்றைக்கே முடிப்பதென்றால் 26,000 கட்ட வேண்டும். வண்டிக் கடன் மாதம் 2,400, இன்னும் 14 தவணை, முடிப்பதென்றால் 30,000. மளிகைக் கடை நோட்டில் 6,000. அண்ணன் கொடுத்தது 20,000. கடைசி இரண்டுக்கும் வட்டி கிடையாது. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

வரவு இவ்வளவு பெரிய கதை இல்லை. என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஒப்பந்த வேலை, கைக்கு 18,500 வரும். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். ஆடியில் 3,000 கூடத் தேறாது, தீபாவளிக்கு முன்னால் 11,000 வரும், சராசரி 6,000. ஆக 24,500. இதில் வட்டிக்கும் தவணைக்குமே 7,150 போய்விடும். மிச்சம் 17,350ல் வாடகை, மளிகை, பால், காய்கறி, மீன், கேஸ், கரண்ட், பெட்ரோல், போன், அத்தைக்கு மாத்திரை, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் போக, நல்ல மாதத்தில் 700 ரூபாய் நிற்கும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அதுவும் நிற்காது.

மாத வட்டியின் சூட்சுமம் ஒன்று உண்டு. வங்கியில் ஒன்பதரை சதவீதம் என்றால் ‘அவ்வளவா’ என்கிற அதே ஆள், இரண்டு வட்டி என்றால் ‘பரவாயில்லையே’ என்பார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது வருடத்துக்கு 24 சதவீதம். மூன்று வட்டி 36. தண்டல்காரர் 9,000 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாளில் வசூலிப்பார். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் 9,000 முழுதாக நம் கையில் இருப்பது முதல் நாள் மட்டும்தான். நாளுக்கு நாள் அசல் குறைகிறதைக் கணக்கில் எடுத்தால் அது வருடத்துக்கு 80 சதவீதத்தை நெருங்கும். தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று. எங்கள் தெருமுனைக்கு வரும் பைக்குக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. எவ்வளவு நெருக்கடி என்றாலும் தண்டலை மட்டும் தொடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். எங்களை மூழ்காமல் வைத்தது அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சரி, வழிக்கு வருகிறேன். ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வட்டி அதிகமானதை முதலில் அடை என்றார் அண்ணன். சின்னச் சின்னதாக முடி, மனசு லேசாகும் என்றாள் பக்கத்து வீட்டுத் தோழி. சங்கிலியை விற்றுத் தலைமுழுகு என்றார் அவர். வங்கிக்கு மாற்றி வை என்றது நான். அத்தை மட்டும், ‘நகையை வித்த வீடு விளங்காது’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

ஒவ்வொன்றையும் நோட்டில் ஓட்டிப் பார்த்தேன்.

இறுக்கிப் பிடித்து அடைத்தால்

புதிதாக எதையும் விற்காமல், வைக்காமல், மாதம் நிற்கும் அந்த 700ஐக் கொண்டே அடைப்பது. வட்டி அதிகமான 30,000தான் முதல் குறி. காகிதத்தில் இது சரியான வழி. வெளிநாட்டுக்காரர் வீடியோவிலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த வீடியோவில் கடன் கொடுத்தவர், கிடைத்ததை வாங்கி அசலில் கழித்துக்கொள்கிற ஆள். எங்களுக்குக் கொடுத்தவரிடம், ‘மாதம் 700 அசலில் கொடுத்துடறேன் அண்ணே’ என்று கேட்டுப் பார்த்தேன். ‘சில்லறையா கொடுத்தா எனக்கு செலவாயிடும்மா. மொத்தமா கொடு, இல்லன்னா வட்டியை மட்டும் கொடு’ என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்; தண்ணீர் வடிந்த அன்று கேட்டதும் எண்ணிக் கொடுத்த மனிதர். ஆனால் அவருடைய லாபம், நான் அடைக்காமல் இருப்பதில் இருக்கிறது.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கடனை வட்டி விகிதத்தால் மட்டும் பிரித்தால் போதாது. தேய்கிறதா, தேயாததா என்றும் பிரிக்க வேண்டும்.

வண்டிக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 65,000க்கு 11 சதவீதம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது ஃபிளாட் வட்டி. 36 மாதமும் முழு 65,000க்கே வட்டி போட்டு, 21,450 சேர்த்து, 36ஆல் வகுத்து 2,400 ஆக்கிவிட்டார்கள். அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் பார்த்தால் அது 20 சதவீதத்தை ஒட்டி வரும். குழு லோனும் 24 சதவீதம். இரண்டும் மலிவான கடன் இல்லை. ஆனால் இரண்டும் தானாகத் தேய்கின்றன. நான் புத்திசாலியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் 11 மாதத்தில் ஒன்று, 14 மாதத்தில் இன்னொன்று முடிந்துவிடும்.

அடகுக்கடை 60,000ஐப் பாருங்கள். வட்டியை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. மூன்று வருடத்தில் 43,200 கட்டியிருக்கிறேன். 60,000 அப்படியே 60,000தான். ஒழுங்காகக் கட்டுகிறோம் என்ற திருப்தியில் மூன்று வருடம் ஓடியதே தெரியவில்லை.

மொத்தமாகத்தான் வேண்டும் என்றால் 700ஐச் சேர்த்து வைக்க வேண்டும். முதல் 11 மாதத்தில் 7,700 சேரும். குழு லோன் முடிந்ததும் மாதம் 3,350, வண்டியும் முடிந்ததும் 5,750 என்று போனால், 17வது மாதம் மூன்று வட்டியை முடிக்கலாம். பிறகு 60,000. எல்லாம் சரியாக நடந்தால் 26வது மாதம் சங்கிலி வீட்டுக்கு வரும். அதற்குள் இந்த இரண்டு கடனுக்கு மட்டும் வட்டி 46,500. அதுவும் ஒரு மாதம்கூட 700 தவறாமல், சேர்த்த பணத்தை யாரும் தொடாமல் இருந்தால். எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் 5,000 ரூபாய் ஒரு வருடம் தங்கிய சரித்திரம் இல்லை.

மளிகைக் கடை நோட்டு

சின்னதை முதலில் முடி என்ற யோசனையை நான் முதலில் மதிக்கவில்லை. வட்டியே இல்லாத 6,000ஐ எதற்கு முன்னால் கொடுக்க வேண்டும்?

ஒரு மாதம் நோட்டை வாங்கிவந்து வரிவரியாகப் பார்த்தேன். உளுத்தம்பருப்பு, எண்ணெய், சோப்பு, பிள்ளைகளின் பிஸ்கட். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவருடைய விலை அது. ஆனால் பாக்கி வைத்திருக்கிறவள் விலை கேட்க முடியாது. வேறு கடைக்கும் போக முடியாது. கையில் பையோடு அவர் கடையைத் தாண்டி நடப்பது என்பது சாதாரண விஷயமா? அதே சாமான்களை மொத்த விலைக் கடையில் ரொக்கத்துக்கு விசாரித்தபோது மாதத்துக்கு 300 ரூபாய் குறைந்தது. 6,000க்கு மாதம் 300 என்றால் ஐந்து வட்டி! வட்டியில்லாக் கடன் என்று நான் நினைத்திருந்ததுதான் வீட்டிலேயே விலை கூடிய கடன்.

ஆக, தோழி சொன்னதில் பாதி சரி. சின்னது என்பதற்காக இல்லை. அது நம் கையைக் கட்டிப்போடுகிறது என்பதற்காக அதை முதலில் முடிக்க வேண்டும். அண்ணன் கொடுத்த 20,000 அப்படி இல்லை. அவர் கேட்கவே மாட்டார். அண்ணி முகத்தில்தான் அவ்வப்போது ஒரு சின்ன வட்டி தெரியும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது என்று அண்ணனிடமே சொல்லிவிட்டேன். சொல்லாமல் இழுப்பதைவிட, ‘உனக்குக் கடைசியில்தான்’ என்று சொல்லிவிடுவது மேல்.

சீட்டு பற்றி இரண்டு வரி. ஆரம்பத்திலேயே ஏலத்தில் தொகையைக் குறைத்துக்கொண்டு தள்ளி எடுத்தால் அது கடன். கடைசியில் எடுத்தால் சேமிப்பு. கடன் தலையில் இருக்கும்போது தள்ளி எடுக்கிறவர்கள்தான் அதிகம், அதில் போகிற தள்ளுபடியும் வட்டிதான். பதிவு செய்த சீட்டு நிறுவனமே 7 சதவீதம் வரை கமிஷன் எடுக்கலாம். தெருச் சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

விற்றால்

அவர் சொன்னதை அத்தைக்குப் பயந்து நான் ஒதுக்கவில்லை. ரசீதையும், சங்கிலி போட்டிருந்த பழைய கல்யாண போட்டோவையும் எடுத்துக்கொண்டு ஒரு நகைக்கடையில் விசாரித்தோம். பவுன் 66,000ஐ ஒட்டி இருந்த நேரம். மூன்று பவுன், 24 கிராம். ஆனால் அம்மா காலத்தில் ஊர்ப் பத்தரிடம் செய்தது, 916 முத்திரை கிடையாது. மாற்று குறையும், அரக்கு, அழுக்கு போகும் என்று கழித்துவிட்டு, ‘பார்த்துத்தான் சொல்லணும், 1,74,000 அளவுக்கு வரலாம்’ என்றார்கள்.

1,72,000 கடன், 1,74,000 சங்கிலி. வழியெல்லாம் அவர் பேசவே இல்லை. நானும் பேசவில்லை. ஒரே நாளில் எல்லாம் முடிந்து, அடுத்த மாதம் 7,150 ரூபாய் முழுதாகக் கையில் நிற்கிற வீட்டை நினைத்துப் பார்த்தேன். குழு லோனை முன்கூட்டியே முடித்தால் அபராதம் போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லிவிட்டது. வண்டிக் கடனுக்குக் கொஞ்சம் கேட்பார்கள். அவ்வளவுதான்.

மாதம் 7,150 வீதம் 24 மாதம் சேர்த்தால் 1,71,600. அதாவது இரண்டு வருடத்தில் சங்கிலியின் விலை திரும்ப வந்துவிடும். தங்கம் ஏறினால் அதே சங்கிலியை வாங்க முடியாது. இறங்கினால் விற்றது லாபம். புதிதாக வாங்கும்போது செய்கூலி, சேதாரம், அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி தனி. இவையெல்லாம் போக, கணக்கு ஏறக்குறையச் சமம்தான்.

நான் விற்க வேண்டாம் என்றதற்குக் காரணம் தங்கம் ஏறும் என்பதில்லை, அதை யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் வந்து கேட்காத 7,150 ரூபாயை மாதாமாதம் எடுத்து வைக்கிற ஆட்கள் நாங்கள் இல்லை. கேட்டால் கொடுப்போம். மூன்று வருடம் வட்டி தவறாதவர்கள், தபால் ஆபீஸ் ஆர்டியை நான்காம் மாதத்தில் விட்டவர்கள். விற்றால் கடனும் போகும், இரண்டு வருடத்தில் சங்கிலியின் பணமும் எங்கே போனது என்று தெரியாமல் போகும்.

எல்லோருக்கும் இதே பதில் சரியாக வராது. எங்கள் எதிர்வீட்டில் அவர் படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் வரவே இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் வருடக் கடைசியில் ஒரு பெரிய தொகை கட்ட வேண்டிய கடனை வைத்துக்கொள்வதைவிட, ஒரு பவுனை விற்றுத் தேயாத கடனை முடிப்பதே நல்லது. போன ஆனியில் அவர்கள் அதைத்தான் செய்தார்கள். வீடு விளங்காமல் போகவில்லை.

மாற்றி வைத்தால்

வங்கியில் நகைக்கடன் வட்டி அப்போது வருடத்துக்கு 9.5 சதவீதம் சொன்னார்கள். சங்கிலியை அடகுக்கடையிலிருந்து மீட்டு வங்கியில் 96,000க்கு வைத்தால், அடகுக்கடை 60,000, மூன்று வட்டி 30,000, மளிகை நோட்டு 6,000 மூன்றும் முடியும். மாதம் 2,100 கட்டிக்கொண்டிருந்த இடத்தில் வட்டி 760 ஆகிவிடும்.

முதல் சிக்கல், மீட்பதற்கே 60,000 ரொக்கம் வேண்டும். சங்கிலி கையில் வந்தால்தான் வங்கியில் பணம். பணம் இருந்தால்தான் சங்கிலி. அண்ணன் தன் கடைச் சரக்குக்கு வைத்திருந்த பணத்தை ஒரு நாளைக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் கூடவே வந்தார். என்னை நம்பாமல் இல்லை, சாயங்காலம் அவருக்குச் சரக்கு எடுக்க வேண்டும்.

காலை பத்தரைக்கு அடகுக்கடை. ரசீதைக் கொடுத்து, பணத்தை எண்ணி, சங்கிலியை வாங்கி, அங்கேயே எடை போடச் சொன்னேன். பதினோரு மணிக்கு வங்கி. நகை மதிப்பீட்டாளர் ஒரு சின்ன மேஜையில் உட்கார்ந்திருந்தார். சங்கிலியை உரைகல்லில் ஒரு இழு இழுத்து, அந்தக் கோட்டில் திரவத்தை ஒரு சொட்டு வைத்து, சாய்த்துப் பார்த்தார். கொக்கியைத் தனியாகக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். எடை போட்டார், கொஞ்சம் கழித்தார், கால்குலேட்டரைத் தட்டினார்.

‘எவ்வளவும்மா வேணும்?’

‘96,000.’

‘1,25,000 வரைக்கும் போகுமே. எடுத்துக்கறீங்களா?’

அவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அன்றைக்கு விதிப்படி நகை மதிப்பில் 75 சதவீதம் வரை தரலாம். 2026 ஏப்ரல் முதல் அமலாகும் புது விதிப்படி இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு 85 சதவீதம்வரை போகலாம். அதில் சேரப்போகிற வட்டியும் அடக்கம். ஆசை இன்னும் கொஞ்சம் பெரிதாகும் என்று அர்த்தம்.

1,25,000 எடுத்தால் குழு லோன் 26,000ஐயும் அன்றே முடித்துவிடலாம். 24 சதவீதக் கடனை ஒன்பதரைக்கு மாற்றுவது. மாதம் 2,650 மிச்சம். அண்ணன்கூட, ‘எடுத்துடேன்’ என்றார். இந்த இடத்தில்தான் தேயும் கடன், தேயாத கடன் என்று நான் பிரித்து வைத்தது உதவியது. வங்கி நகைக்கடன் மலிவானது. ஆனால் அது தேயாத கடன். மாதாமாதம் யாரும் கேட்க மாட்டார்கள். வருடக் கடைசியில் ஒரு கடிதம் வரும். 11 மாதத்தில் தானாக முடியப்போகிற ஒன்றை எடுத்து, தானாக ஒருநாளும் முடியாத ஒன்றுக்குள் ஏன் போட வேண்டும்? வட்டியில் மிஞ்சுவது 11 மாதத்தில் 2,000 ரூபாய்கூட வராது. விலை அவ்வளவுதான், அந்த ஒழுங்குக்கு அதைக் கொடுக்கலாம். 96,000 போதும் என்றேன்.

மாற்றி வைக்கிற பலர் சறுக்குவது இங்கேதான். 2,100 கட்டின இடத்தில் 760 போதும் என்றதும் மீதி 1,340 வீட்டுச் செலவில் கரைந்துவிடுகிறது. அந்த 760ஐயும் வங்கி மாதாமாதம் கேட்காததால் அதுவும் கரைகிறது. வருடம் முடியும்போது 9,000 சொச்சம் வட்டி நிற்கும், அதைக் கட்ட மறுபடி மூன்று வட்டி. 2025ல் பல கிளைகளில், வட்டி மட்டும் கட்டிப் புதுப்பிக்க முடியாது, மொத்தத்தையும் கட்டி நகையை மீட்டு மறுநாள் வை என்று சொல்லி, ஒரு நாள் பணத்துக்காக ஊர் முழுக்க ஓடினவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

நான் செய்தது ஒன்றுதான். பழைய 2,100ஐ அப்படியே, அதே ஐந்தாம் தேதி, அந்த நகைக்கடன் கணக்கில் கட்டுகிறேன். எங்கள் வங்கியில் எப்போது வேண்டுமானாலும் பகுதி கட்டலாம். வைப்பதற்கு முன்னால் அதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். தேயாத கடனைத் தேயும் கடனாக நானே ஆக்கிக்கொண்டேன். குழு லோன் முடிந்ததும் அந்த 2,650 இதில் சேரும், வண்டி முடிந்ததும் 2,400 சேரும். இப்படிப் போனால் 24 மாதத்தில் சங்கிலி வீட்டுக்கு வரும், மொத்த வட்டி 12,500 அளவில். இறுக்கிப் பிடிக்கிற வழியில் இதே வேலைக்கு 46,500 ஆகியிருக்கும். வீட்டுச் செலவில் ஒரு ரூபாய்கூடப் புதிதாகக் குறைக்காமலே 34,000 வித்தியாசம். 25வது மாதத்திலிருந்து மூன்று மாதத்தில் அண்ணனுக்கு 20,000.

நோட்டா, கவரா

கடனை ஒழுங்கு செய்த பிறகுதான் வீட்டுச் செலவைத் தொட்டேன். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். டீத்தூளில் 20 ரூபாய் மிச்சம் பிடித்துக்கொண்டு மூன்று வட்டி கட்டுவதில் அர்த்தமில்லை.

இரண்டு முறை முயன்றேன். முதலில் எல்லாச் செலவையும் நோட்டில் எழுதுவது. 12 நாள் எழுதினேன். பதின்மூன்றாம் நாள் அவர் ஜீபேயில் டீக்கடைக்குக் கொடுத்த 40 ரூபாய்க்காகச் சண்டை வந்தது. நோட்டு நடந்து முடிந்ததைத்தான் சொல்கிறது. போன பணம் போனதுதான், கூடவே சண்டை வேறு.

அடுத்தது கவர். சம்பளம் வந்த அன்றே வாடகை, தவணை, நகைக்கடன் 2,100 மூன்றையும் அனுப்பிவிட்டு, காய்கறி, மீன், பாலுக்கு வாரம் 950 ரொக்கமாக எடுத்துக் கவரில் போடுவது. அது தீர்ந்தால் அந்த வாரம் தீர்ந்தது. ஜீபேயில் கொடுக்கும்போது வராத ஒரு தயக்கம் கடைசி நூறு ரூபாய்த் தாளை எடுக்கும்போது வருகிறது. தடைக்காலத்தில் மீன் விலை ஏறியபோது கவர்தான் முடிவெடுத்தது: முட்டை, கருவாடு, அப்புறம் பண்ருட்டிப் பலா மலிந்ததும் பலாக்கொட்டைக் குழம்பு. வாசலில் மீன் வாங்குவதை விட்டு மாதம் இரண்டு முறை அவர் கடலூர் முதுநகர் பக்கம் போய் மத்தி வாங்கி வருகிறார். பெட்ரோலைக் கழித்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்கு அது பிடித்திருக்கிறது, விட்டுவிட்டேன்.

கவர் முறையின் குறை, வருடத்தில் ஒருமுறை வருகிற செலவுகள். ஜூனில் பள்ளிக்கூடம், அக்டோபரில் தீபாவளி. இரண்டையும் நான் சரியாக யோசிக்கவில்லை. ஜூனில் நகைக்கடனுக்கு 800தான் கட்ட முடிந்தது. தீபாவளி மாதம் ஒன்றுமே கட்டவில்லை. அதனால் இந்தத் தை மாதம் வங்கியில் கேட்டபோது பாக்கி 87,000 சொச்சம் என்றார்கள். என் நோட்டுக் கணக்குப்படி 83,500 இருந்திருக்க வேண்டும். 24 மாதம் என்பது 25 ஆகும். இப்போது தீபாவளிக்கு முன்பு வரும் தையல் கூலியில் பாதியை ஜூனுக்கென்று தனிக் கவரில் போடுவதாகத் திட்டம். அந்தக் கவர் எட்டு மாதம் தாங்குமா என்று தெரியவில்லை.

பங்குனியில் புதுப்பிக்க வேண்டும். அப்போது பாக்கி 80,000 அளவில் இருக்கும். மொத்தமும் கட்டு என்றால் அண்ணனிடம்தான் மறுபடி ஒரு நாளைக்குக் கேட்க வேண்டும். இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அத்தை வாரம் ஒருமுறை ‘சங்கிலி எப்பம்மா வரும்’ என்கிறார்.

அடுத்த மாதம் குழு லோனின் கடைசித் தவணை. காலண்டரில் மார்ச் 5க்கு நேராக ‘நகை 4,750’ என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அவருடைய போன் திரை உடைந்து நான்கு மாதம் ஆகிறது. அந்த 2,650ல் ஒரு மாதத்தை மட்டும் கேட்கலாமா என்று அவருக்கு இருந்திருக்கும். போன வாரம் காலண்டரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் என் தையல் பெட்டியிலிருந்து செலோடேப்பை எடுத்துக்கொண்டு போய் போனில் இன்னொரு சுற்று ஒட்டிக்கொண்டார்.